பெரியவளைப் போர்டிங்கில் விட்டு வந்தேன், அக்கா

என் அன்பான அக்காவுக்கு,

நாம் இரண்டு பேரும் ஒரு நாளும் பார்த்துக்கொண்டதில்லை. நீங்கள் காய்ச்சலில் போய், இரண்டு வருஷம் கழித்துத்தான் நான் ருவான்வெல்லைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். ஆனாலும் உங்கள் சேலை இரண்டை உடுத்திக் கிழித்திருக்கிறேன். நீங்கள் பெற்ற பிள்ளைக்குப் பேன் பார்த்துத் தலை வாரிவிட்டிருக்கிறேன். உங்களை அக்கா என்று கூப்பிடாமல் வேறு எப்படிக் கூப்பிடுவது?

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. உங்கள் வீட்டுக்காரர் என்று எழுதவா, என் வீட்டுக்காரர் என்று எழுதவா? ‘அவர்’ என்றே எழுதிவிடுகிறேன். உங்களுக்குப் புரியும்.

பெரியவள் கெம்பஸ் போய்விட்டாள், அக்கா, பல்கலைக்கழகத்துக்கு. நம் சுகன்யாதான். விஞ்ஞானம் படிக்கிறாள். ரிசல்ட் வந்த அன்று அவர் யட்டியாந்தோட்டைக் கடைவீதி முழுக்கத் தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு போனார். பலசரக்குக்கடைக்கார முஸ்லிம் நானா ஒரு பொட்டலம் தொதல் இனிப்பைக் கையில் திணித்து, “புள்ளைக்கு என் சார்பா குடுங்க” என்றாராம். வீட்டுக்கு வந்து சேரும்போது பொட்டலத்தில் பாதிதான் இருந்தது. வழியில் பார்த்தவர்களுக்கெல்லாம் இவரே கொடுத்துத் தீர்த்திருக்கிறார்.

கெம்பஸ் கொழும்புப் பக்கம். ஹொஸ்டலில் இவளுக்கு இடம் அமையவில்லை. ஒன்று, கிட்டத்தில் போர்டிங், அதாவது யார் வீட்டிலாவது வாடகை அறை, பார்த்துத் தங்க வேண்டும். இல்லையென்றால் தினமும் இங்கிருந்தே பஸ்ஸில் போய் வர வேண்டும். அவ்வளவுதான் கேள்வி. பெற்ற தாய் இருந்தால் ஒரே வார்த்தையில் முடிவு சொல்லியிருப்பாள். என்னால் முடியவில்லை.

ஏன் தெரியுமா? ரப்பர் பால் வெட்டப் போன இடத்தில், எதிர்க் காம்பராவில் குடியிருக்கும் மாரியக்கா சிரித்துக்கொண்டே கேட்டது: “பெரியவள வெளிய அனுப்பப் போறியாமே? நல்லதுதான். உனக்கும் உன் மகளுக்கும் வீடு தாராளமா இருக்கும்.”

நான் பெற்ற சின்னவளுக்கு ஏழு வயது. இந்த ஒற்றை அறைக் காம்பராவில் நாலு பேர் படுப்பது நெருக்கடிதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பேச்சு கத்தி மாதிரி இறங்கியது. நான் போ என்றால், மூத்தாள் பிள்ளையை விரட்டிவிட்டாள் என்பார்கள். போகாதே என்றால், இந்தப் பிள்ளையின் படிப்பு கெட்டுப்போகும். அவர் என்னைப் பார்த்து, “நீ என்ன சொல்ற?” என்று கேட்டபோது, “அவ இஷ்டம்” என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

பெரியவளே முடிவு சொன்னாள். “போய்ட்டு வந்துக்கிறேன் சித்தி. பஸ் இருக்குதானே.”

எனக்கு அப்பாடா என்று இருந்தது. ஆனால் அது ஒரு மாதம்கூட நிலைக்கவில்லை.

விடியுமுன் எழுந்து, காயாத தலையோடு, ரப்பர் மரங்களுக்கு ஊடாக டோர்ச் அடித்துக்கொண்டு ரோட்டுக்கு இறங்குவாள். மழைக்காலத்தில் பஸ் ஏறிய பிறகுதான் காலில் அட்டை கடித்திருப்பது தெரியுமாம். ஹட்டனிலிருந்து வருகிற பஸ் ஏற்கனவே நிறைந்துதான் வரும். அவிசாவளை வரைக்கும் நிற்க வேண்டும். கெம்பஸில் பிரக்டிகல் முடிந்து மற்றப் பிள்ளைகள் உட்கார்ந்து பேசிப் படிக்கும்போது, இவள் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுவாள். வீட்டுக்கு வந்தால் சோற்றில் கை வைத்தபடியே தூங்கிப்போவாள். சின்னவள்தான், “அக்கா, கொழும்பு வந்திருச்சு, எறங்கு” என்று உலுக்குவாள். நாங்கள் சிரிப்போம். அவளும் சிரிப்பாள். ஆனால் கண்ணுக்குக் கீழே கறுத்துக்கொண்டே வந்தது, அக்கா. 

ஒரு சாயங்காலம் நல்ல மழை. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்த சந்தோஷத்தில் தூங்கியிருக்கிறாள். யட்டியாந்தோட்டை வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. “நங்கி, கித்துல்கல” என்று, தங்கச்சி, கித்துல்கல வந்தாச்சு என்று, கண்டக்டர் தட்டி எழுப்பினாராம். வீட்டிலிருந்து அவர்தான் திரீவீலர் ஒன்றைப் பிடித்துக்கொண்டு போய்க் கூட்டி வந்தார். வந்தவள், “ஆத்துல போட் போறத பாத்துட்டு வந்தேன், நீங்க யாரும் பாக்கல” என்று சின்னவளிடம் பெருமையடித்தாள். ஆனால் நான் நீட்டிய துவாயை வாங்கி முகத்தை மூடிக்கொண்டாள்.

அப்போது என் வாயில் வந்துவிட்டது. “போதும். நீ அங்கேயே தங்கிப் படி.”

அவள் துவாயை முகத்திலிருந்து எடுத்தாள். “என்னைய அனுப்பப் பாக்குறீங்களா சித்தி?”

ஊர் சொல்லும் என்று எதற்குப் பயந்தேனோ, அதை அவளே கேட்டுவிட்டாள். ஊர் கேட்டிருந்தால் ஏதாவது திருப்பிச் சொல்லியிருப்பேன். இவளுக்கு என்ன சொல்வது? எச்சில் தட்டுகளை அள்ளிக்கொண்டு தண்ணீர் கொட்டுகிற பீலிக்குப் போனேன். மழையில் நின்று, கழுவிய தட்டையே திரும்பத் திரும்பக் கழுவினேன். அந்த நேரம் உங்கள் மேல்கூடக் கோபம் வந்தது, அக்கா. இப்படி ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல என்னைத் தனியாக விட்டுப் போய்விட்டீர்களே என்று.

கொஞ்ச நேரத்தில் அவள் குடையோடு வந்து என் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“சும்மா கேட்டுட்டேன் சித்தி. களைப்பா இருந்துச்சு.”

“சும்மா இல்ல. உள்ளுக்குள்ள இருந்ததுதான் வெளிய வந்துச்சு. சொல்லு.”

பீலித் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. அவள் தட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு சொன்னாள். “நான் போனா ஒங்களத்தானே பேசுவாங்க. மாரிப் பெரியம்மா என்கிட்டயும் சொன்னாங்க. அதான் பஸ்ல போறேன்னு சொன்னேன். அப்புறம்... எனக்கும் கொஞ்சம் பயம். அம்மாவும் இல்ல. ஒருதரம் போய்ட்டா திரும்பி வர எடம் இருக்குமான்னு.”

நான் அவளுக்காகப் பேசாமல் இருந்தேனா, என் பேரைக் காப்பாற்றவா என்று அந்த நேரம் எனக்கே தெரியவில்லை. அவள் மட்டும் என் பேரைக் காப்பாற்றத்தான் தினமும் பஸ்ஸில் நெரிபட்டுக் கொழும்புக்குப் போயிருக்கிறாள்.

பெரிய வாக்கெல்லாம் எனக்குக் கொடுக்கத் தெரியாது. வாயில் வந்ததைச் சொன்னேன். “ஒன் எடத்த அப்படியே வச்சிருப்பேன்னு நெனைக்காத. சின்னவ காலை நீட்டிப் படுப்பா. நீ வந்தா ஒதைச்சுத் தள்ளிட்டுப் படு. யாரையும் கேக்க வேணாம்.”

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். குடை சாய்ந்து இரண்டு பேரும் நனைந்தோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் அவளுமாகப் போர்டிங் பார்க்கப் போனோம். தையல் வேலை செய்கிற ஒரு சிங்கள அம்மாவின் வீடு. வாசலில் செவ்வந்திச் சட்டிகள், உள்ளே துணி வாசம். சுத்தமான அறை, ஜன்னலுக்கு நல்ல கொக்கி. நான் அந்தக் கொக்கியை நாலு தரம் இழுத்துப் பார்த்தேன். அந்த அம்மா எங்கள் இருவர் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்து, “அம்மாத?” என்று கேட்டார். அம்மாவா என்று. பொய் சொல்ல மனம் வரவில்லை. “நே, குடம்மா” என்றேன். இல்லை, மாற்றாந்தாய் என்று.

பெரியவள் சட்டென்று குறுக்கே வந்தாள். “நே நே. புஞ்சி அம்மா.”

உங்களுக்குச் சிங்களம் தெரியும் என்று அவர் சொல்லியிருக்கிறார். நாளைக்குச் சின்னவள் இதை எடுத்துப் படித்தால் அவளுக்காகச் சொல்கிறேன். நம் பாஷையில் இரண்டுக்கும் சித்தி என்ற ஒரே சொல்தான். சிங்களத்தில் வேறு வேறு. புஞ்சி அம்மா என்றால் அம்மாவின் தங்கை. அந்தப் பிள்ளை எனக்கு உங்கள் இடத்தைக் கொடுக்கவில்லை, அக்கா. உங்களுக்குப் பக்கத்தில் ஒரு இடம் கொடுத்தாள். நான் கேட்டிருந்தாலும் இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்திருக்காது.

புறப்படுகிற நாள் உங்கள் படத்தைத் துடைத்துத் துணியில் சுற்றிக் கொடுத்தேன். அவள் வாங்கவில்லை. “அம்மா இங்கயே இருக்கட்டும். நான் இல்லாட்டி நீங்க யார்கிட்ட பேசுவீங்க?” என்றாள். உலை வைக்கும்போது நான் உங்களிடம் புலம்புவதை இந்தப் பிள்ளை எத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாளோ!

இப்போது வெள்ளிக்கிழமைகளில் வருகிறாள். முகம் தெளிந்துவிட்டது. முதல் பரீட்சை நன்றாகச் செய்திருக்கிறாளாம். அவர்தான் பாவம், புதன்கிழமையே நாளைக்கு வெள்ளிக்கிழமையா என்று கேட்கத் தொடங்கிவிடுகிறார். மாரியக்கா பேசாமல் இருக்குமா? “என்ன, பெரியவ வீட்டோட இல்லையா?” என்றது. “கெம்பஸ்ல படிக்கிறா. ஒங்க பேத்திக்கும் அந்தப் போர்டிங்ல எடம் சொல்லி வைக்கவா?” என்றேன். கிட்ட வந்து, “நல்ல எடமா?” என்று கேட்டது, அக்கா. ஜன்னல் கொக்கியைப் பற்றி விலாவாரியாகச் சொன்னேன்.

ஒரு வாக்கு மட்டும் கொடுக்கிறேன். படிப்பு முடிந்து அவள் இன்னும் தூரம் போகலாம். வேலைக்கோ, கல்யாணம் கட்டியோ, கடல் தாண்டியோ. அப்போது அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்ள மாட்டேன். அவள் முகத்தைப் பார்த்து, மனதில் பட்டதைச் சொல்வேன். போவதுதான் சரியென்றால் போ என்பேன், நானே ரோட்டுவரைக்கும் பையைத் தூக்கிக்கொண்டு வருவேன். பஸ் மறைகிறவரைக்கும் நிற்பேன், உங்களுக்கும் சேர்த்து.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. நெத்தலிக் கருவாடும் பலாக்கொட்டையும் வேண்டுமென்று போன் பண்ணியிருக்கிறாள். கொட்டை இன்னும் உரிக்கவில்லை. எழுந்திருக்கிறேன்.

சுகன்யாவின் சித்தி,
உங்கள் தங்கச்சி