பக்கத்தில் இருப்பவரைக் கேளுங்கள்

இன்று காலை பட்டாபிராமுக்குச் சற்று முன்னால் ரயில் சிக்னலுக்காக நின்றபோது, எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணின் கைபேசியிலிருந்து நீ பேசினாய். "அடுத்தது பட்டாபிராம்." நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. அந்தப் பெண் தன் பாட்டுக்கு வெள்ளைக்கோலை எடுத்துக்கொண்டு எழுந்தாள். நான்தான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ரயிலில் போகிற, கண் தெரியாதவர்களுக்கு நிலையத்தின் பெயரைச் சொல்லும் செயலி. பிறந்ததிலிருந்து கண் தெரியாத நீயும், நானும் சேர்ந்து எழுதியது. குரல் உன்னுடையது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம் என்று ஓப்பன் சோர்ஸாக இணையத்தில் போட்டோம். நிரல் எழுதும்போதுகூட நமக்குள் சண்டை வரவில்லை. இது என்ன செயலி என்று முகப்பில் சொல்லவேண்டிய இரண்டு வரிக்குத்தான் மல்லுக்கட்டினோம்.

நான் எழுதியது: "பார்வையற்றோர் யார் துணையுமின்றி, நம்பிக்கையோடு பயணிக்க உதவும் செயலி." ஆவடி குவார்ட்டர்ஸில் நடந்த கட்டுரைப் போட்டிகளிலெல்லாம் பரிசு வாங்கியவள் அல்லவா நான்! வாசித்துக் காட்டியதும் நீ முகத்தைச் சுளித்தாய்.

"இன்னாடி இது, மேடைல பேசுற மாதிரி கீது? நான் டெய்லி நாலு பேரக் கேட்டுகினுதான் போறேன். நீ மட்டும் கேக்கமாட்டியா? ஸ்டேஷன் பேரு சொல்லும்னு போடு. தப்பாவும் சொல்லும்னு போடு."

தப்பாகச் சொல்லும் என்பதை நீ பட்டுத் தெரிந்துகொண்டிருந்தாய். ஒருநாள் செயலியைச் சோதிக்கப் போனபோது, பிளாட்பாரம் வருமுன்பே ரயில் நின்றுவிட்டது. செயலியோ "பட்டாபிராம் வந்தாச்சு" என்றது. நீ வாசலுக்குப் போய்க் காலைத் தூக்கிவிட்டாய். கீரைக் கூடையோடு நின்ற யாரோ ஒரு அம்மா உன் பையைப் பிடித்து இழுத்தார். "ஸ்டேஷனே வரல, எங்க கண்ணு எறங்குற?" அன்றைக்கே "வந்தாச்சு" என்பதை "அடுத்தது" என்று மாற்றினாய். முகப்பின் முதல் வரியையும் நீயே எழுதினாய்: "இது தவறலாம். இறங்குமுன் பக்கத்தில் இருப்பவரைக் கேளுங்கள்."

சொந்தச் சரக்கை யாராவது இப்படி மட்டம் தட்டுவார்களா என்று நான் குதித்தேன். செயலிக்கான இணைய விவாதப் பக்கத்தில் முன்பின் தெரியாதவர்களும் வந்து சேர்ந்துகொண்டார்கள். ஒருவர் உனக்கே பாடம் எடுத்தார். கண் தெரியாதவர்களின் மனசு உங்களுக்குப் புரியவில்லை, அவர்களுடைய தன்னம்பிக்கையைக் குலைக்காதீர்கள் என்று நீளமாக எழுதியிருந்தார். கைபேசி அதை வாசிக்க வாசிக்க நீ சிரித்த சிரிப்பில் உன் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. நீ யாரென்று சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"சொல்லாத. சொன்னா உடனே கம்முனு ஒத்துக்குவாங்க. நான் சொல்றது சரின்னு புரிஞ்சு ஒத்துக்கணும். கண்ணு தெரியலன்னு பாவம் பாத்து ஒத்துகினா, அதுல இன்னாடி ஜெயிப்பு கீது?"

ரயில் எங்கே நிற்கும், செயலி எங்கே ஏமாறும் என்று அவருக்குப் பொறுமையாக விளக்கினாய். மறுபடி கேட்டார், மறுபடி விளக்கினாய். கடைசியில் அவரே அந்த வரியைத் தெலுங்கு பேசுபவர்களுக்காக மொழிபெயர்த்து அனுப்பினார். நீ யாரென்று அவருக்கு இன்றுவரை தெரியாது. அவ்வளவு திமிரையும் அவ்வளவு பொறுமையையும் ஒரே ஆளிடம் நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

போன வாரம், புதிதாக வந்த ஒருவர் அந்த வரியை நீக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். சிக்னலில் நின்றாலும் ஏமாறாதபடி நிரலைச் சரிசெய்துவிட்டாராம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இதை எழுதியவள் பார்வையற்றவள், இப்போது உயிரோடு இல்லை" என்று தட்டச்சு செய்தேன். அனுப்பியிருந்தால் உடனே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போயிருப்பார்.

அழித்துவிட்டேன். சனிக்கிழமை வாருங்கள், ரயிலில் சேர்ந்து போய்ச் சோதித்துப் பார்ப்போம் என்று மட்டும் எழுதினேன்.

வருகிறேன் என்று பதில் போட்டிருக்கிறார். அவர் சொல்வது சரியாக இருந்தால் உன் வரியை என் கையாலேயே எடுத்துவிடுவேன். அழுதுகொண்டுதான் எடுப்பேன். ஆனால் எடுத்துவிடுவேனடி.