வால் எது, கோடு எது

ஜனவரி 2

சிரிச்சது தப்புதான், ஒத்துக்கறேன். ஆனா டெலஸ்கோப்பை வித்துட்டுத் திருப்பூர் போறேன்னு நீ சொன்னா நான் வேற என்னத்தப் பண்றது மாப்ளே? அழுகச் சொல்றியா? உங்கக்கா முன்னாடி அழுதா ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவா. நீ பாட்டுக்குக் கதவை அறைஞ்சு சாத்திட்டுப் போயிட்டே. மிச்சச் சண்டையை யாருகிட்டப் போடறது?

ஆள் இல்லாததால் உரக்கடைக்காரன் கொடுத்த புது டைரியில் போடுகிறேன்.

காலையில் உறைபனி. புல்லெல்லாம் வெள்ளை. பின்பக்கத் தேயிலை கருகிவிட்டது. கருகாவிட்டால் மட்டும் என்ன? இலைக்கு விலை இல்லை. பறிக்கிற கூலிக்குக் கட்டவில்லை என்று பாதிப் பேர் தோட்டத்தைப் போட்டுவிட்டுக் கீழே போய்விட்டார்கள். இப்போது இவனும்.

பழனி, என் பெண்டாட்டி சரசுவுக்குத் தம்பி. அந்த ஒரு பாவத்துக்காக அவனைக் கேலி செய்யும் உரிமை எனக்கு வந்தது. சயின்ஸ் வாத்தியாராக இருந்து ரிட்டையர் ஆனவன். நான் இலை லாரி ஓட்டினவன். அவன் மேலே பார்ப்பான், நான் ரோட்டைப் பார்ப்பேன். இரண்டு பேரில் குழியில் விழாதவன் நான்தான்.

இப்போது பொழுது சாய்ந்ததும் மேற்கு முகட்டுக்கு மேலே ஒரு வால்நட்சத்திரம். வெறும் கண்ணுக்குத் தெரியாது. பழனி தினமும் படம் எடுத்து, வால் எவ்வளவு நீளம் என்று அளந்து, இதே வேலை செய்யும் வெளியூர்க்காரர்களுக்கு அனுப்புகிறான். சில நாளில் அது மலைக்குப் பின்னால் இறங்கிவிடும். அதற்குள் அளந்தால் உண்டு. ஆனால் எடுத்த படத்திலெல்லாம் குறுக்கே வெள்ளைக் கோடு. சாட்டிலைட்டாம்.

"நமக்கு இருட்டிருச்சு மாமா. ஆனா அது அத்தனை ஒசரத்துல இருக்குதில்லீங், அதுக்கு இன்னும் வெயில் அடிக்குது. அதான் மின்னுது. நான் பாக்கற நேரமும் அதேதானுங்."

"சும்மா இரு. எல்லாம் குட்டேட்டன் டீக்கடை பல்பு."

"பல்பு கோடு போடுமாங்?"

"அப்ப உன் கை நடுங்குது."

இதற்குத்தான் அவனுக்குக் கோபம். வானமும் போச்சு, இலையும் போச்சு, திருப்பூரிலிருந்து மகன் கூப்பிடுகிறான், வீட்டையும் தோட்டத்தையும் மசினகுடி ரிசார்ட்டுக்காரன் கேட்கிறான், இங்கே எனக்கு என்ன வேலை என்று கத்தினான். நான் சிரித்தேன்.

அவன் போனால் சண்டைக்கு இந்த நடுவட்டம் ஊரில் வேறு ஆள் இல்லை. சரசுவோடு போட்டால் தோற்றுவிடுவேன்.

ஜனவரி 3

வெயில் நன்று. முழங்கால் வலி குறைவு. காலையிலேயே பழனி வீட்டுக்குப் போய்ப் பந்தயம் பேசிவிட்டு வந்தேன். வால்நட்சத்திரம் இறங்குவதற்குள் அளக்கிற மாதிரி ஒரு சுத்தமான படம் வந்தால் அவன் போகக் கூடாது. வராவிட்டால் மூட்டை கட்ட நானே கயிறு பிடிப்பேன்.

"கயிறு பிடிக்கற நாளுக்கு உங்களுக்கு முழங்கால் வலி வந்துருமுங்" என்றான்.

செய்ய வேண்டியது:
குட்டேட்டன் பல்பு.
சர்ச் வாசலில் தொங்கும் கிறிஸ்துமஸ் நட்சத்திர விளக்கு.
பழனியைத் திட்டாமல் இருப்பது. (முடிந்தால்.)

குட்டேட்டன் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "எந்தா சேட்டா, கடையை இருட்டாக்கி காட்டுமாட்டுக்கு டீ ஊத்தணுமோ?" அது காசு கொடுக்காமல் போனால் என் கணக்கில் எழுது என்றேன். சரி என்றான்.

சர்ச் உபதேசியார் சிரித்துக்கொண்டே, "சீக்கிரம் திரும்பப் போட்டுருங்க, அதைப் பாத்துத்தான் ஞானிகள் பாதி வழியில வந்துட்டிருக்காங்க" என்றார். நல்ல மனுஷன்.

ஜனவரி 4

எல்லாம் அணைந்தது. நம் வரிசை வீடுகளிலும் சொல்லி அணைக்க வைத்தேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ரோட்டில் நின்று, "இப்பப் புடிடா படத்தை!" என்று சத்தம் போட்டேன்.

வேடிக்கை பார்க்க எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள். அண்ணாந்தோம். முகட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு வெளிச்சம் ஏறியது. அதன் பின்னால் இன்னொன்று. அப்புறம் மணி கோத்த மாதிரி வரிசையாக. வடக்கே தனியாக ஒன்று. தலைக்கு மேல் இன்னொன்று. பல்பு எரிந்த நாளில் இத்தனை நான் பார்த்ததே இல்லை.

குட்டேட்டன் வாயைப் பிளந்துகொண்டு, "நம்ம கூடலூர் பஸ் மாதிரி இல்லையல்லோ! ஒண்ணு போனா உடனே அடுத்தது வருது" என்றான்.

பழனி டெலஸ்கோப்பை விட்டு நகராமலே சொன்னான். "பாத்தீங்ளா மாமா? கீழ அணைச்சதுல அது இன்னும் பளிச்சுன்னு தெரியுது."

மஃப்ளரை இழுத்துக் காதை மூடிக்கொண்டேன். அதை எல்லாரும் கவனித்தார்கள் என்பதுதான் கஷ்டம்.

படுக்கையில் யோசனை. குட்டேட்டன் பல்புக்குக் குட்டேட்டன் இருக்கிறான். மேலே இருக்கிற பல்புக்கு எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது? நம்மை ஒரு வார்த்தை கேட்டானா, வானத்தில் விளக்குப் போடட்டுமா என்று?

இருட்டு இருந்த சந்தோஷத்தில் காட்டுமாடு வந்து சரசுவின் முட்டைக்கோஸைத் தின்றுவிட்டது. காலையில் அர்ச்சனை எனக்கு.

ஜனவரி 5

மேகம். இன்றைக்குப் படம் இல்லை. பரவாயில்லை, நேற்று பழனி ஒரு உபாயம் செய்திருக்கிறான். நீளமாக ஒரே படம் எடுக்காமல் குட்டிக் குட்டியாக நிறைய எடுத்தானாம். கோடு விழுந்ததை எறிந்துவிட்டு, விழாததை மட்டும் ஒன்றாகச் சேர்த்தால் சுத்தமான படம். ஆனால் கண் ஆபரேஷனுக்கு அப்புறம் அவனுக்குக் கம்ப்யூட்டரை ரொம்ப நேரம் பார்த்தால் தண்ணீர் கொட்டுகிறது. நேற்றே அப்படித்தான்.

சரசு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். "டீ ஃபேக்டரில தூள்ல நாரு பொறுக்குன கை இது. தள்ளு கண்ணு, நீ போய்ப் படு."

எந்தப் பட்டனை அமுக்கினால் குப்பைக்குப் போகும் என்று காட்டிவிட்டு பழனி படுத்துவிட்டான். சரசு பொறுக்க ஆரம்பித்தாள். அடடா, என்ன வேகம். நான் பக்கத்தில் முக்காலி போட்டு, "அதோ ஒரு நாரு, இதோ ஒண்ணு" என்று காட்டிக் கொடுத்தேன். பழைய சூப்பர்வைசர் மாதிரி "கை ஓடட்டும், கை ஓடட்டும்" என்று அதட்டினேன். முதுகில் ஒன்று வைத்தாள்.

சாயங்காலம் பழனி எழுந்து வந்து பார்த்தான். ஒவ்வொரு படத்திலும் மங்கலாக ஒரு பொட்டு. பொட்டு மட்டும்.

"அக்கா, வாலெங்க?"

"எந்த வாலு?"

"வால்நட்சத்திரத்துக்கு வால் இருக்குமில்லீங்க்கா."

"நீளமா, வெள்ளையா இருந்துச்சே, அதா? நாருன்னு எல்லாத்தையும் எறிஞ்சுட்டேன் சாமி."

வால் நன்றாகத் தெரிந்த படம் அத்தனையும் குப்பையில். இடையிடையே வந்த பனிமூட்டத்தில் வால் மறைந்த படங்களைச் சுத்தமான சரக்கு என்று எடுத்து வைத்திருக்கிறாள். காட்டிக் கொடுத்தவன் நான். மெதுவாக முக்காலியைத் தூக்கிக்கொண்டு கிளம்பப் பார்த்தேன்.

பழனி சிரித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர. இந்த வருஷத்தில் முதல் சிரிப்பு. (வருஷமும் இப்போதுதானே பிறந்தது.) எறிந்தது கம்ப்யூட்டரில் ஒரு கூடையில்தான் கிடக்குமாம், திரும்ப எடுத்துக்கொள்ளலாமாம். எங்கள் ஃபேக்டரியில் அப்படிக் கூடை கிடையாது.

ஜனவரி 6

குளிர். சரசு ராகிக் களி கிண்டினாள். பழனிக்கும் கொண்டுபோனேன்.

ராத்திரியெல்லாம் கண்ணைத் துடைத்துத் துடைத்து அவனே பிரித்திருக்கிறான். கோடு இல்லாமல் வால் தெரிந்த படம் கொஞ்சம்தான். சேர்த்துப் பார்த்தால் வாலின் நுனி தெரியவில்லை. கோடு விழுந்ததில் ஒன்றிரண்டு சேர்த்தால் நுனி வருகிறது, அதன் மேலேயே கோடும் வருகிறது.

"ஒரே ஒரு கோடுதானே மாப்ளே. அதைக் கண்ணுக்கு மை வெச்ச மாதிரி நெனச்சுக்கோ."

"வால் எங்க முடியுதோ அங்கதானுங் மாமா அந்தக் கோடு. எதை அளக்கறது?"

களி ஆறிப்போனது. பந்தயத்தில் அவன் பக்கம்தான் நியாயம். ரிசார்ட்டுக்காரனுக்கு என் எதிரிலேயே போன் செய்து, நாளன்னைக்கு வாங்க என்றான். நாளை ஒரு சாயங்காலம்தான் வால்நட்சத்திரம் முகட்டுக்கு மேலே. எடுக்கப் போவதில்லையாம்.

வரும் வழியில் குட்டேட்டன் டீ கொடுத்தான். குடிக்கத் தோன்றவில்லை. குடித்தேன்.

ஜனவரி 7

வானம் துடைத்துவிட்ட மாதிரி. பொழுது சாயும் முன்பே போய்விட்டேன். பழனி வாசல் படியில். டெலஸ்கோப் போர்வை சுற்றி, பக்கத்தில் நோயாளி மாதிரி. நேர் எதிரில் நின்றுகொண்டு ஆரம்பித்தேன்.

"இலைக்கு வெல இல்லேன்னு மேல்தோட்டத்துல பறிக்காம உட்டாங்க, என்னாச்சு? செடி மரமாயிப் போச்சு. இனி வெல வந்தாலும் ஏணி வெச்சுத்தான் ஏறோணும். உங்கக்கா உட்டாளா? பறிக்கற முறை வந்தாப் பறிச்சுருவா. எறியறதுக்காச்சும் பறிப்பா."

அவன் போர்வை நுனியை இழுத்துவிட்டான்.

"கெட்ட படத்தையும் அனுப்பு. வால் இங்க வரைக்கும் பாத்தேன், அதுக்கு மேல இவனுக கோடு போட்டுட்டானுகன்னு எழுது. அழுகுன இலையக் கையில புடிச்சுக் காட்டாம எவன்கிட்டயாச்சும் சண்டை போட முடியுமா? நீ பாக்கறதையே நிறுத்திட்டீன்னா, இங்க மறைக்குதுன்னு சொல்லக்கூட ஒருத்தன் இருக்க மாட்டான். அவனுகளுக்கு அதான் வசதி. நீ எதுக்கு அவனுகளுக்கு வசதி பண்ணிக் குடுக்கறே?"

அவன் பார்வை என் மேல் இல்லை. என் தோளுக்கு மேலே, மேற்கு முகட்டில்.

"மாமா, சித்த நகருங்க. மறைக்கறீங்."

"நகர்றேன். முக்கியமானத இன்னும் சொல்லலியே. நீ போயிட்டீன்னா மாப்ளே, இங்க நான்—"

எழுந்தான். போர்வையை உருவி என் தலையில் போட்டான். நான் அதற்குள்ளிருந்து வெளியே வருவதற்குள் டெலஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு மேட்டில் பாதி தூரம் போய்விட்டான்.