திங்கட்கிழமைத் தண்ணீர்

அக்டோபர் 23, திங்கள்

காலையில் விளக்குகளைக் கழுவினேன், இருபத்து நான்கையும். எட்டரைக்குப் புட்டியில் தண்ணீர் பிடித்தேன். ஒன்பதுக்கு ஆய்வக வண்டி வந்து வாங்கிக்கொண்டு போனது. ஓட்டுநர் இறங்குவதே இல்லை. கண்ணாடியை இறக்கிக் கையை மட்டும் நீட்டுகிறார். கழிவுநீர் நிலையம் என்றால் காற்றே ஒட்டிக்கொள்ளும் என்று நினைப்பு. இங்கே வாடையே கிடையாது. ஊர்த் தண்ணீர் எல்லாத் தொட்டியும் தாண்டி, கடைசிக் கால்வாயில் புறஊதா விளக்குகளுக்கு நடுவே ஓடி, கிருமி செத்த பிறகுதான் கடலுக்குப் போகிறது. இதை ஊரில் சொல்லிப் பார்த்தாயிற்று. சொல்கே விரிகுடாவுக்கு வேலைக்கு வந்து மூன்று வருடத்தில் இந்த வாசலைத் தாண்டி உள்ளே வந்தவர் ஒருவர்தான்.

அது பில்நாம் அக்கா. கடலில் சிப்பி வளர்ப்பவர். எங்கள் குழாய் கடலில் விழும் இடத்துக்குப் பக்கத்திலேயே அவருடைய மிதவைகள். வாரத்தில் இரண்டு மூன்று நாள் மத்தியானம் சோற்றுப் பாத்திரத்தைத் துணியில் கட்டிக்கொண்டு அணைக்கரை மேல் நடந்து வருவார். இன்றும் வந்தார். "நீ ஒருத்தியா உக்காந்து நூடுல்ஸ உறிஞ்சறத நெனச்சா எனக்குச் சோறு எறங்கமாட்டேங்குது, யோங்ரான்." வசவு மாதிரிதான் சொல்வார்.

அக்டோபர் 26, வியாழன்

மழை. யாரும் வரவில்லை. யாரும் என்றால் அக்கா.

அக்டோபர் 29, ஞாயிறு

இன்று முழுக்க நான் பேசியது: கடையில், "பை வேண்டாம்."

அக்டோபர் 31, செவ்வாய்

அக்காவுக்கு ஒரு யோசனை. சிப்பி உடைக்கும் கொட்டகையின் முற்றத்தில் போன வருட ஓட்டுக் குவியல் மலையாகி நாறுகிறதாம், கழுவிவிடக் குழாய்த் தண்ணீர் போதவில்லையாம். "நீதான் சுத்தமான தண்ணினு பீத்திக்கறியே, அத ஏன் கடல்ல கொட்டறே? ஒரு ஹோஸ் பைப் போட்டு எனக்கு விடு."

பெருமையாக இருந்தது. மறைப்பானேன், உச்சி குளிர்ந்துவிட்டது. என் தண்ணீரை ஒருவர் கேட்கிறார்! உடனே பிரிவுத் தலைவர் மா சாருக்குப் போன் போட்டேன். மறுபயன்பாட்டுக்குத் தனியாக ஒரு சோதனை வேண்டும், என்றைக்கு வேண்டுமானாலும் பிடித்து அனுப்பு என்றார்.

நவம்பர் 2, வியாழன்

பிடித்து அனுப்பினேன்.

நவம்பர் 6, திங்கள்

வியாழக்கிழமைத் தண்ணீரின் முடிவு வந்தது. கிருமி எண்ணிக்கை வரம்பைப்போல் பன்னிரண்டு மடங்கு.

புட்டி அழுக்காக இருந்திருக்கும். வேறென்ன? கட்டுப்பாட்டு அறைத் திரையில் எல்லாம் பச்சைதானே. போன திங்கள்வரை ஒவ்வொரு வாரமும் நன்றாகத்தானே இருந்தது.

நவம்பர் 8, புதன்

மனம் கேட்காமல் ஒரு வரிசையை நிறுத்தி விளக்குகளைத் தூக்கிப் பார்த்தேன்.

கண்ணாடி உறைகள் பழுப்பு. திங்கள் காலை கழுவியது, புதனுக்குள் டீக்கறை மாதிரி பிடித்திருக்கிறது. விரலால் வழித்தால் வழுவழு. ஜூன் மாதத்திலிருந்து தொட்டியில் இரும்புக் கலவை சேர்க்கச் சொன்னார்கள். அதுதான். உள்ளே விளக்கு எரிகிறது, வெளிச்சம் தண்ணீருக்குள் போகவில்லை. ஒன்றே ஒன்று மட்டும் பளிச்சென்று இருந்தது, திரைக்கு எண் அனுப்பும் வெளிச்ச அளவுமானிக்கு எதிரில் இருக்கும் விளக்கு. அதைத் தினமும் துடைக்கிறேன், துடைக்காவிட்டால் அலாரம் அடிக்கும். எனக்கு முன்னால் இருந்த பியோ வேலையை ஒப்படைத்தபோது சொல்லிக்கொடுத்தது: "கத்திச்சுன்னா அந்த ஒண்ண மட்டும் தொடச்சுவிடு. மத்ததெல்லாம் திங்கக்கெழம."

போட்டோ எடுக்கும் அன்று மட்டும் முகம் கழுவியிருக்கிறேன். ஐந்து மாதமாக. ஏமாற்ற வேண்டும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. புட்டி பிடிக்கிற நாளில் இடம் சுத்தமாக இருக்க வேண்டும் என்றுதான்... எல்லா நிலையத்திலும் அப்படித்தான் செய்கிறார்கள். அதனால் என்ன?

நவம்பர் 9, வியாழன்

மா சாரிடம் சொன்னேன்.

"திங்கக்கெழம நம்பர் நல்லா இருக்கா இல்லியா?"

"இருக்கு சார்."

"அப்ப என்ன பிரச்சின? வியாழக்கெழம பிடிக்கச் சொன்னது யாரு?"

"நீங்கதான் சார்."

"அந்த ஹோஸ் பைப்ப மறந்துடு. இனிமே தெனம் கழுவு. ஊர் கிம்ச்சி போட்டு முடிக்கட்டும், அப்பறம் பேசிக்கலாம்."

குளிர்காலத்துக்கு முட்டைக்கோசைக் காரமாக ஊறப்போடும் அந்தக் கிம்ச்சியில் சேர்க்கத்தான் நாடு முழுக்கச் சிப்பி வாங்குகிறது. அக்காவுக்கு வருடம் என்பதே இந்த மூன்று வாரம்தான். சியோலுக்கு மட்டும் நானூறு பெட்டிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார்.

நவம்பர் 10, வெள்ளி

அக்கா வந்தார். இந்த வருடத்தின் முதல் அறுவடை, என் தட்டில்தான் முதலில் வைக்க வேண்டுமாம். பச்சையாக, வெள்ளரிக்காயும் மிளகாய் விழுதும் பக்கத்தில். வயிறு சரியில்லை என்றேன்.

"என் சிப்பியவா வேணாங்கறே? கொழுப்புதான்டி ஒனக்கு."

பிறகு அவரே சாப்பிட்டார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பதினொன்று. எண்ணினேன்.

ஏன் சொல்லலை? கைய நீட்டித் தட்ட இழுத்திருக்கலாமே. ஒரு வார்த்த போதுமே! சொன்னா நாளைலேருந்து வரமாட்டாங்க, அவ்ளோதான் மனசுல ஓடிச்சு. வேற ஒண்ணுமே ஓடல. தூ.

நவம்பர் 11, சனி

கொட்டகைக்குப் போனேன். முப்பது பெண்கள் ரப்பர் ஏப்ரனோடு நின்று சிப்பி உடைத்துக்கொண்டிருந்தார்கள். அக்கா என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "என்ன, வயிறு சரியாயிடுச்சா?" என்றார்.

எல்லோர் முன்னாலும் சொன்னேன். விளக்கு, பழுப்பு, திங்கட்கிழமை, எல்லாம். சிப்பி உடைக்கும் கத்திகளின் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது.

"எத்தன மாசமா?" அக்காதான் கேட்டார்.

"ஜூன்லேருந்து."

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

"புதன்கெழம."

அவர் விரல்விட்டு எண்ணவில்லை, எண்ணத் தேவையும் இல்லை. "அப்ப நேத்து நான் திங்கறப்ப ஒனக்குத் தெரியும்."

"தெரியும்க்கா."

கையுறையைக் கழற்றினார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. அதை மேசையில் வைத்துவிட்டு, உள்ளே போய்க் கொட்டகையின் விளக்கை அணைத்தார்.

அங்கிருந்தே மீன்வளப் பரிசோதனை அலுவலகத்துக்குப் போய் எழுதிக் கொடுத்தேன். என் பெயர், தாக் யோங்ரான், கையெழுத்து.

நவம்பர் 14, செவ்வாய்

அறுவடை நிறுத்தம், விரிகுடா முழுக்க. எனக்கு விசாரணைக் கடிதம். மா போனில் திட்டவில்லை, "நல்லா வாழு" என்று மட்டும் சொல்லி வைத்தார்.

தினமும் இருபத்து நான்கையும் எலுமிச்சை உப்புக் கரைசலில் துடைக்கிறேன். இரண்டு மணி நேரம் ஆகிறது. இரண்டு மணி நேரம் போவது நல்லதுதான்.

நவம்பர் 17, வெள்ளி

அக்காவுக்கு உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் கேட்கவில்லை. கடைக்காரர் வேறு யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. மீதிச் சில்லறையை என் கையில் கொடுக்காமல் மேசையில் வைத்தார்.

நவம்பர் 25, சனி

ஊரெல்லாம் கிம்ச்சி போடுகிறார்கள். அணைக்கரையிலிருந்து பார்த்தால் நீலத் தார்ப்பாய்களும் முட்டைக்கோசுக் குவியலும் தெரிகின்றன. சிரிப்புச் சத்தம் இங்கேவரை வரவில்லை. சிரிக்கிறார்களா என்பதும் தெரியவில்லை.

டிசம்பர் 4, திங்கள்

முடிவு வந்தது. இரண்டு மிதவைகளில் மட்டும் கிருமி. இரண்டுமே அக்காவுடையவை. மற்றவர்கள் நாளை முதல் அறுக்கலாம், அக்கா பதினெட்டாம் தேதிவரை பொறுக்க வேண்டும். கிம்ச்சிக் காலம் அதற்குள் முடிந்துவிடும். நானூறு பெட்டி ஆர்டரும் வேறு ஊர்ச் சிப்பிக்காரர்களுக்குப் போய்விட்டது.

நான் சொல்லாமல் இருந்திருந்தால் அந்தப் பெட்டிகள் நானூறு வீட்டுக்குப் போயிருக்கும். இதை ஒரு நாளைக்கு எத்தனை முறை எனக்கே சொல்லிக்கொள்கிறேன் என்று எழுதமாட்டேன்.

டிசம்பர் 8, வெள்ளி

வேலை போகவில்லை. சம்பளத்தில் மூன்று மாதம் பிடித்தம். புதிய விதி ஒன்று, சிப்பிச் சங்கம் சண்டை போட்டு வாங்கியது: இனி தண்ணீரை நான் பிடிக்கக் கூடாது. சங்கத்து ஆட்கள் சீட்டுக் குலுக்கி, சொல்லாமல், எந்த நாளிலும் வந்து பிடிப்பார்கள். நியாயந்தான்.

டிசம்பர் 13, புதன்

முதல் ஆள் வந்தார். மூக்கில் முகக்கவசம் இரண்டு. பிடித்தார், போனார். போகும்போது ஒன்றைக் கழற்றியிருந்தார்.

டிசம்பர் 22, வெள்ளி

கால்வாய் ஓரம் ஒரு அடுப்பு போட்டு, ஆறு கோப்பை வாங்கி வைத்தேன். பார்லி டீ. யாரும் தொடவில்லை. ஆனால் தண்ணீர் பிடிக்க வருபவர்கள் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று குளிர் காய்கிறார்கள். ஒரு அம்மாள் கேட்டார்: "இந்த நீல வெளிச்சத்தப் பாத்தா கண்ணு கெட்டுருமாமே?" நேராகப் பார்க்கக் கூடாது என்றேன். "அப்ப நீ மூணு வருஷமா எங்க பாத்துட்டிருந்தே?" என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது.

வந்து போனவர்கள் ஐந்து பேர். எல்லோரும் என்னை நம்பாமல் வந்தவர்கள்.

ஜனவரி 3, புதன்

இதுவரை வந்த நான்கு முடிவுகளும் நன்றாக இருக்கின்றன. நான் கழுவும் முன்னால் பிடித்ததும் அதில் ஒன்று. யாரிடமாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது. இங்கே எழுதிவிட்டேன்.

ஜனவரி 11, வியாழன்

இன்று வந்தது அக்கா.

சீட்டு விழுந்திருக்கும். இரண்டு மாதத்தில் மெலிந்திருக்கிறார். பேசாமல் குனிந்து தண்ணீர் பிடித்து, மூடி, தேதி எழுதினார். பிறகு விளக்கு வரிசையைக் காட்டினார். நிறுத்தித் தூக்கினேன். அளவுமானிக்கு எதிரில் இருப்பதை விட்டுவிட்டு, கடைக்கோடியில் இருந்ததை விரலால் வழித்துப் பார்த்தார். அப்புறம் அடுத்தது. இருபத்து நான்கையும் தொட்டுப் பார்த்தார். விரலைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

புட்டியை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனார். கைப்பிடியில் கை வைத்தபடி, கதவைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"சாப்டியா?"

மணி ஒன்றரை. பன்னிரண்டுக்கே வயிறு முட்டச் சாப்பிட்டிருந்தேன்.

"இல்லக்கா" என்றேன்.