நல்ல பால்

ஆயுத பூசைக்காக லேப் அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பின்வரிசையில் ஒரு நீல பாட்டில் கையில் தட்டுப்பட்டது. பெனடிக்ட் கரைசல். மூடியைச் சுற்றி உப்புப் பூத்திருந்தது. காலாவதியாகி வெகுகாலம் ஆகியிருக்கும். இப்போது சிறுநீரில் சர்க்கரை பார்க்க யாரும் இதைக் காய்ச்சுவதில்லை. ஒரு சோதனைப் பட்டையை நனைத்தெடுத்தால் முடிந்தது வேலை. பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். நீ போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. உனக்கு எழுத வேண்டும் என்று பலமுறை நினைத்து, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் விட்டிருந்தேன். இந்த நீலத்தில் தொடங்கலாம் என்று அப்போது தோன்றியது.

கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்காததால் உயிர்வேதியியலுக்கு வந்து சேர்ந்தவர்கள் நாம் இருவரும். நீ அனுப்பர்பாளையம், நான் அவிநாசி. உங்கள் வீட்டில் பாத்திரத்துக்கு மெருகு போடும் சத்தம், எங்கள் வீட்டில் பனியன் தைக்கும் சத்தம். வகுப்பில் முதல் மாதம் நமக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு அந்த எச்சில் பரிசோதனை வந்தது. வாயைக் கொப்பளித்துவிட்டு சோதனைக் குழாயில் துப்ப வேண்டும், அதை மாவுக் கரைசலோடு கலந்து, அயோடின் விட்டு நிறம் பார்க்க வேண்டும். எல்லோரும் கூச்சப்பட்டுத் திரும்பி நின்றுகொண்டார்கள். நீ மட்டும் சாதாரணமாகத் துப்பிவிட்டு, "இதுக்கென்னடி வெக்கம், சோத்தை மெல்றப்ப தினமும் நடக்கறதுதானே" என்றாய். அயோடின் விட்டால் கருநீலமாக நிற்க வேண்டியது, வெறும் தேநீர் நிறத்தில் நின்றது. மாவு இருந்த இடத்தில் சர்க்கரை.

அன்று அந்தக் குழாயோடு நீ விடவில்லை. துப்பட்டாவின் ஓரத்திலிருந்து ஒரு பருத்தி நூலை உருவி இன்னொரு குழாயில் போட்டாய். மாவும் குளுக்கோஸ் மணிகளால் கோத்த சங்கிலிதான், பருத்தியும் குளுக்கோஸ் மணிகளால் கோத்த சங்கிலிதான் என்று முந்தைய நாள் பாடத்தில் படித்திருந்தோம். நூல் எச்சிலில் அப்படியே கிடந்தது. "அதுவும் சர்க்கரை, இதுவும் சர்க்கரை. கோத்த விதம் மட்டுந்தாண்டி வேற. ஒண்ணைத் திங்கறோம், ஒண்ணைப் போட்டுக்கறோம்." இந்த ஊரில் லாரி லாரியாகப் போய்க்கொண்டிருப்பது முழுக்க சர்க்கரைதான் என்று அதன் பிறகு நீ பேருந்து நிறுத்தத்தில் யாரிடமாவது சொல்லிக்கொண்டே இருப்பாய். அவர்கள் உன்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

படிப்பு முடிந்து நீ ஒரு சாயப் பட்டறையின் லேபுக்குப் போனாய். பின்னலாடைத் துணியில் மேலே நிற்கும் பஞ்சு மயிரை மட்டும் தின்றுவிட்டு, துணியைத் தின்னாமல் நிற்கும் நொதியைக் காவல் காப்பது உன் வேலை. நான் அவிநாசி ரோட்டில் ஒரு சின்ன மருத்துவமனையின் லேபுக்கு வந்தேன். நாம் சந்தித்தால் மூலக்கூறுகளைப் பற்றிப் பேசினோம் என்று சொன்னால் அது பொய். மாமியாரைப் பற்றியும் பெட்ரோல் விலையைப் பற்றியும்தான் பேசினோம். படித்ததெல்லாம் எங்கோ கிடந்தது, சாம் பிறக்கும்வரை.

உன் பக்கத்து வீட்டில் குடியிருந்தவர்கள் ஜெபாவும் ஸ்டீபனும். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள். அவன் நிட்டிங் மிஷின் ஓட்டினான், அவள் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் டெய்லர். முதல் குழந்தை சாம் பிறந்து ஒரு வாரம் ஆவதற்குள் மஞ்சள் காமாலை, வாந்தி, சோர்வு. எங்கள் மருத்துவமனையில்தான் சேர்த்தார்கள். குழந்தைகள் டாக்டரம்மா கிருமித் தொற்று என்று மருந்து தொடங்கியிருந்தார். அதில் தவறு ஒன்றும் இல்லை, அந்த வயதில் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். சிறுநீர் என்னிடம் வந்தது. பட்டையை நனைத்தேன். சர்க்கரை இல்லை என்று எழுதிக் கொடுத்தேன்.

நீ தினமும் மதியம் ஜெபாவுக்குச் சாப்பாடு கொண்டுவந்தாய். கட்டிலருகில் உட்கார்ந்து குழந்தையைப் பார்த்துக்கொண்டே இருப்பாய். ஒரு மதியம் டிபன் கேரியரோடு நேராக என் லேபுக்குள் வந்தாய்.

"ஒண்ணு சொல்றேன், சிரிக்காத. வாந்தி அதிகமானதும் பாலை நிறுத்திப் பாட்டில் மருந்து மட்டும் ஏத்துனாங்கல்ல? அன்னைக்குக் குழந்தை கண்ணை முழிச்சுப் பாத்துதுடி. மறுபடி பாலு குடுக்க ஆரம்பிச்சாங்க, மறுபடி துவண்டுபோச்சு."

"அதுக்கு?"

"சிறுநீர்ல சர்க்கரை பாத்தியா?"

"பாத்தேன். இல்லை."

"பட்டையிலதானே பாத்த?" என்றாய். "பட்டையில ஒட்டியிருக்கற என்சைமுக்கு குளுக்கோஸை மட்டுந்தாண்டி தெரியும். வேற சர்க்கரை எதிர்ல வந்து நின்னாலும் அது கண்டுக்காது. காய்ச்சிப் பாரு."

எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது. இரண்டாம் ஆண்டில் ஒரே ஒரு பக்கமாக வந்த பாடம் அது. பால் சர்க்கரை குடலில் இரண்டாக உடைகிறது. ஒன்று குளுக்கோஸ், இன்னொன்று காலக்டோஸ். இந்தக் காலக்டோஸைப் படிப்படியாகக் குளுக்கோஸாக மாற்ற சில நொதிகள் இருக்கின்றன. அதில் ஒன்று பிறவியிலேயே இல்லாமல் போனால், பாதி மாறிய சரக்கு ஈரலில் தேங்கி அதைக் கெடுக்கும். அபூர்வமான நோய் என்று புத்தகத்தில் போட்டிருந்ததால் தேர்வுக்கு வராது என்று அந்தப் பக்கத்தை நான் தள்ளிவிட்டிருந்தேன்.

நீலக் கரைசலை ஊற்றினேன். சாமின் சிறுநீரைச் சொட்டுச் சொட்டாக விட்டாய். காய்ச்சினோம். நீலம் பச்சையானது, பச்சை மஞ்சளானது, பிறகு செங்கல் நிறத்தில் அடியில் படிந்தது. குளுக்கோஸ் இல்லாத சிறுநீரில் வேறொரு சர்க்கரை.

டாக்டரம்மாவிடம் குழாயைக் கொண்டுபோனோம். அவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "எனக்கும் இந்தச் சந்தேகம் வந்துச்சுங்க, கிருமி கல்ச்சர் முடிவு வரட்டும்னு பாத்துட்டிருந்தேன். இதை மட்டும் வெச்சு முடிவு பண்ண முடியாது, மருந்தாலயும் நிறம் மாறலாம். ஆனா இனியும் காத்திருக்க வேண்டாம். ரத்தத்தை வெளி லேபுக்கு அனுப்பிடுங்க, தாய்ப்பாலை இப்பவே நிறுத்திடலாம். குழந்தைகளுக்கான சோயா பவுடர் டின் வாங்கிட்டு வரச் சொல்லுங்க" என்றார்.

குழந்தைக்கான வழி இப்படித் திறந்தது. ஆனால் உன் வேலை அதன் பிறகுதான் ஆரம்பித்தது என்று இப்போது எனக்குப் படுகிறது.

ஊரிலிருந்து வந்திருந்த ஸ்டீபனின் அத்தை வராந்தாவில் நின்று எல்லோரும் கேட்கச் சொன்னார்: "பெத்தவ பாலே பிள்ளைக்கு ஆவலியாம். எங்க வம்சத்துல இப்படிக் கேட்டதே இல்ல." உள்ளே ஜெபாவின் காதில் விழுந்தது. அவள் சேலைத் தலைப்பை மார்பைச் சுற்றி இறுக்கிக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். டாக்டரம்மா சொன்னது எதுவும் அவளுக்குள் போகவில்லை. நானும் போய் நின்றுகொண்டு, நொதி, குறைபாடு என்று என்னென்னவோ சொன்னேன். நீ தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாய். கட்டிலில் இருந்தவளின் முகம் உனக்கு மேலே இருந்தது.

"ஜெபா, உங்க கம்பெனியில லைன்ல எத்தனை பேரு கண்ணு?"

அவள் சுவரை விட்டுத் திரும்பவில்லை. நீ காத்திருந்தாய்.

"நெறைய பேரு" என்றாள் கடைசியில்.

"ஒருத்தி கழுத்துப் பட்டி வைக்கறா, அடுத்தவ கை வைக்கறா, அடுத்தவ பாட்டம் மடிச்சு அடிக்கறா. நடுவுல ஒரு மிஷின்ல ஆள் இல்லைன்னு வெச்சுக்க. என்ன ஆகும்?"

"பீசு குமிஞ்சிரும்லா."

"குமியும். அது துணி மேல குத்தமா?"

"துணி என்ன செய்யும்."

"கட்டிங்ல இருந்து துணி அனுப்புனாங்களே, அவிய மேல குத்தமா?"

ஜெபா உன்னைத் திரும்பிப் பார்த்தாள். "அப்போ எம்பாலு அவனக் கொல்லலியாக்கா?"

"உன்ற பாலு நல்ல பாலு கண்ணு. சாமு உடம்புல ஒரு மிஷினுக்கு ஆள் வரலை. நாம அந்தத் துணியை அனுப்பாம இருந்தாப் போதும், லைன் ஓடும்."

அவள் அழுதாள். சேர்த்த நாளிலிருந்து அவள் அழுது நான் அப்போதுதான் பார்த்தேன். ஸ்டீபன் வாசலில் நின்றுகொண்டு, "யார்ட்ட இருந்துக்கா வந்துது? எங்கிட்ட இருந்தா, அவகிட்ட இருந்தா?" என்று கேட்டான். அத்தையின் பார்வை ஜெபா மேல் இருந்தது. நீ அவரையும் பார்த்தே பதில் சொன்னாய். "ரெண்டு பேருகிட்டயும் இதுக்கான ஜீன்ல ஒரு நல்ல பிரதி, ஒரு கெட்ட பிரதி இருக்குதுங்க. நல்லது ஒண்ணு இருக்கறதால உங்க உடம்புல ஒண்ணும் வெளிய தெரியலை. ரெண்டு கெட்டதும் சாமுக்குச் சேந்து வந்துருச்சு. யாரும் பொறுக்கி அனுப்பலைங்க." அத்தை அதற்குப் பிறகு வராந்தாவில் பேசவில்லை.

சோயா பவுடரைக் கரைத்துக் கொடுக்கத் தொடங்கியதும் வாந்தி நின்றது. மஞ்சள் மெல்ல மெல்ல வடிந்தது. அனுப்பிய ரத்தத்தின் முடிவும் நாம் நினைத்ததையே சொன்னது. ஆனால் ஜெபாவுக்குப் பால் கட்டிக்கொண்டு வலித்தது. பீய்ச்சிக் கழிவறையில் ஊற்றிவிட்டு வருவாள். ஒருநாள் உன்னிடம் கேட்டாள்: "நல்ல பாலுன்னு சொன்னியளே. நல்ல பாலுன்னா வேற பிள்ளைக்குக் குடுப்பியளா?"

நானாக இருந்தால் ஏதாவது ஆறுதல் சொல்லி நகர்ந்திருப்பேன். நீ "குடுப்பாங்க, கேட்டுட்டு வரேன்" என்று எழுந்துபோனாய். அரசு மருத்துவமனையில் தாய்ப்பால் வங்கி இருந்தது. போய் விசாரித்தாய், டாக்டரம்மாவிடம் கடிதம் வாங்கினாய். வங்கியில் கேட்ட ரத்தப் பரிசோதனைகளை நான் செய்து கொடுத்தேன். பிறகு உன் ஸ்கூட்டியின் பின்னால் ஜெபாவை உட்காரவைத்து நீயே கூட்டிப்போனாய். எடை குறைந்து பிறந்த குழந்தைகள் இருக்கும் பிரிவுக்கு அந்தப் பால் போகும் என்று அங்கிருந்த செவிலியர் சொன்னாராம். திரும்பி வரும் வழியில் புஷ்பா தியேட்டர் நிறுத்தத்தருகே வண்டியை நிறுத்தச் சொல்லி, ஜெபா உனக்குக் கரும்புச் சாறு வாங்கிக் கொடுத்தாளாம். பால் வற்றும்வரை அவள் போய்க்கொண்டிருந்தாள். நீ வேலைக்குப் போகும் நாளில் தனியாகவே பேருந்தில் போனாள்.

சாம் வளர்ந்தான். பால், தயிர், மோர், நெய் எதுவும் கிடையாது. பேச்சு கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது, அதற்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். இப்போது பள்ளிக்கூடம் போகிறான். பிறந்தநாள் கேக்கை மறுக்க அவனுக்கே தெரியும்.

இனி உன்னைப் பற்றி எழுத வேண்டும். வயிற்று வலி என்று நீ வந்த அன்று, பித்தப்பைக் கல் இறங்கிக் கணையத்தின் வழியை அடைத்திருந்தது. உன் ரத்தம் என்னிடம்தான் வந்தது. மாவைச் சர்க்கரையாக்கும் அமைலேஸ் நொதி அதில் எந்த அளவில் இருந்தது என்பதை இயந்திரம் காட்டியதும் நான் அதை நம்பாமல் மறுபடி ஓட்டினேன். குடலுக்குப் போன பிறகு வேலை தொடங்க வேண்டிய நொதிகள் கணையத்துக்குள்ளேயே விழித்துக்கொண்டு, அதையே செரிக்கத் தொடங்கியிருந்தன. உன் கட்டிலுக்கு வந்தேன். முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாய்.

"என்ன பாத்த, அமைலேஸா?"

"ஆமாண்டி."

"ரொம்பவா?"

"ரொம்ப."

கண்ணை மூடிக்கொண்டாய். "எச்சில்ல பாத்தப்ப எவ்வளவு சாதுவா இருந்துச்சு" என்றாய். அதுதான் நாம் இருவரும் தனியாகக் கடைசியாகப் பேசியது. கோயம்புத்தூருக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து நீ திரும்பவில்லை. துக்கத்தன்று உன் வீட்டில் ஜெபா காலையிலிருந்து பின்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டே இருந்தாள். யார் சொல்லியும் எழுந்திருக்கவில்லை.

போன வருடக் கடைசியில் அவள் மறுபடி கருவுற்றாள். என்னைத் தேடி லேபுக்கு வந்து, "அக்கா இருந்தா அவியகிட்ட கேப்பேன்" என்றாள். இந்தப் பிள்ளைக்கும் அப்படி வருமா என்பதுதான் கேள்வி. நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு, மூன்று பங்கு இல்லை. இதைச் சொல்ல உனக்கு ஒரு வழி கிடைத்திருக்கும். எனக்குக் கிடைக்கவில்லை. அப்படியே சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள். பிறகு டாக்டரம்மாவிடம் இருவரும் சேர்ந்து போனோம்.

பெண் குழந்தை. பிறந்ததும் ரத்தம் எடுத்து அனுப்பினோம். முடிவு வரும்வரை சோயாதான். ஜெபா பால் வற்றிவிடாமல் பீய்ச்சிக்கொண்டே இருந்தாள். அந்த நாட்களில் நான் தினமும் மதியம் சாப்பாடு கொண்டுபோனேன். அவள் பேசவில்லை என்றால் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். மனத்தைத் தேற்றும் வார்த்தை எதையும் அவசரப்பட்டுச் சொல்லவில்லை. உன்னோடு இத்தனை வருடம் பழகியதில் எனக்கு வந்து சேர்ந்தது அவ்வளவுதான். அதைச் செய்ய என்னால் முடிகிறது.

போன வாரம் முடிவு வந்தது. டாக்டரம்மா படித்துப் பார்த்து, நொதி போதுமான அளவு இருக்கிறது, பால் கொடுக்கலாம் என்றார். நான் மேலே வார்டுக்கு ஓடினேன். ஜெபா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்தாள். நான் சொன்ன பிறகும் அவளுக்குக் கை வரவில்லை. குழந்தை அழுதது, அவள் ரவிக்கை நனைந்தது, அப்போதும் அவள் அசையவில்லை.

"குடுக்கலாமாக்கா?"

அந்தக் கேள்வியை அவள் உன்னிடம்தான் கேட்டாள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"குடு கண்ணு" என்றேன்.