கணவாயில் நீவாடு நின்ற நாள்

காலை 6.10. எல்லாம் சரி
எழுதுவது தொம்மை, கடலடி நிலையத்துப் பராமரிப்பு ஆள். காற்று, மின்சாரம் சரி. இட்லி சரியில்லை, டாக்டரம்மா அவித்தது. நிரஞ்சனா கடல்தரை படித்த டாக்டர், ஊசி போடத் தெரியாது. நாங்கள் ரெண்டே பேர். ரெண்டு கடலடி மலைக்கு நடுவே கணவாயில் இருக்கிறோம். தென்துருவத்துக் குளிர்தண்ணி தரையோடு ஊர்ந்து, இந்த வாசல் வழியாத்தான் வடக்கே போகும்.

காலை 9.40. நீவாடு நின்றது
நீரோட்டத்தை எங்க ஊரில் நீவாடு என்போம். அது அடியோடு செத்துப்போச்சு. கரையில் நீவாடு செத்தால் வலை இறக்க நல்ல நேரம். அதையே சொன்னேன். டாக்டரம்மாவும் சிரிச்சுக்கிட்டே மூழ்கு வண்டியில் தெற்கு வாசலை அளக்கப் போயாச்சு. வண்டியை நிலையத்தோடு வடத்தில் கட்டியிருக்கு. மேலே போக எங்களுக்கு அந்த ஒரு வண்டிதான்.

காலை 10.55. வண்டியிலிருந்து
"அண்ணாச்சி, கடல்தரை தோண்டுற சுரங்கக் கப்பல் கொட்டின சேறு வாசலையே அடைச்சிருக்கு. தண்ணி நிக்கல. மேட்டுக்குப் பின்னால தேங்குது."
"எம்புட்டு?"
"உச்சிக்கு ஒரு ஆள் உயரம்தான் பாக்கி."
"அளந்தது போதும். திரும்பு தாயி."

நல்ல நேரம்னு சொன்ன வாயைக் கழுவணும்.

காலை 11.25. மேடு உடைந்தது
குளிர்தண்ணி கனமானது. சேற்றோடு அருவி மாதிரி இறங்குது. வண்டியை நிலையத்துக்கு வடக்கே அடிச்சுக்கிட்டுப் போயிருச்சு. வடத்து முனையில் காத்தாடியாட்டம் ஆடுது. மேலே மிதக்க எடைக்கல்லை உதறிட்டாள், ஆனாலும் வடம் மேலே விடலை. வடத்தைச் சுற்றி இழுக்கும் மோட்டார் கருகிப்போச்சு. வடத்தை அறுக்க அவள் பக்கத்தில் இருக்கிற வெட்டுக்கத்தி இறுகிக்கிடக்கு. என் பக்கத்தது வேலை செய்யுது.

காலை 11.40.
"அறுக்காதீங்க அண்ணாச்சி. அப்புறம் உங்களுக்கு வண்டி இல்ல."
"நீ இங்க வந்து என்ன செய்யப் போற, பாத்திரம் கழுவவா?"
"விளையாடாதீங்க."
"விளையாடல. காத்து தீருமுன்ன மேல போ."

அறுத்தாச்சு.

பகல் 12.50. கண்டெடுப்பவருக்கு
மேலே நிக்கிற எங்க கப்பல் சொன்னது: "வண்டி வந்துவிட்டது. ஆள் பத்திரம். உங்களுக்கு வேறு வண்டி நாளைக்குத்தான்."
நாளைக்கா? தண்ணிகிட்ட யாராவது சொல்லுங்க.
கடல்தரையில் மேடு வைத்தால் தண்ணி வேற வழி பார்க்கும். இப்போ அது பார்த்த வழியில் நிலையம் நிக்குது. நாலு காலில் ரெண்டு கழன்றாச்சு. தரை சாயுது. மேலே அந்தப் பிள்ளை நடுங்கிக்கிட்டிருக்கும், சூடா ஏதாவது குடிக்கக் கொடுங்க. நீவாடு நின்னா நல்ல நேரம்னு நான் சொன்னதை நம்பித்தான் போனாள், அவமேல பழி போட்டுராதீங்க. பயமில்லைன்னு எழுதலாம்னுதான் உக்காந்தேன். மூணாவது கா