ரவி என்று எழுதிய மைனிக்கு

என் அன்பு மைனிக்கு,

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. அழுதுகொண்டு எழுதினால் "மூக்கத் தொடச்சிட்டு விஷயத்தச் சொல்லு மக்கா" என்பீர்கள். அதனால் விஷயத்துக்கே வருகிறேன். நேற்று அலமாரியின் அடித்தட்டில், உங்கள் அங்கன்வாடிப் பதிவேடுகளுக்குக் கீழே, பழைய டுட்டோரியல் நோட்டு அகப்பட்டது. பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மை. அங்கேயே தரையில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தேன்.

தொண்ணூறுகளில், கேரள எல்லைக்குள் இருக்கும் நம் அமரவிளையில் ஒரு அங்கன்வாடிக்கு டீச்சர் வேண்டும் என்றார்கள். பத்தாம் வகுப்பு ஜெயித்திருக்க வேண்டும். நீங்களோ தோற்ற கையோடு என் அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். அம்மாவிடம் கேட்டபோது, ஒரு தடவை எழுதிப் பார், தோற்றால் அந்தப் பேச்சே இந்த வீட்டில் கூடாது என்று சொல்லிவிட்டார். இப்படித்தான் உதியன்குளங்கரை டுட்டோரியலில் சின்னப் பிள்ளைகள் நடுவே போய் உட்கார்ந்தீர்கள். நான் அப்போது பள்ளி முடித்துக் காலேஜில் பிரீடிகிரி முதல் வருஷம். உங்கள் இங்கிலீஷுக்கு நான்தான் பொறுப்பு என்று நானே பதவியேற்றுக்கொண்டேன்.

எல்லாம் நன்றாகத்தான் போனது, ஆக்டிவ் வாய்ஸ், பாசிவ் வாய்ஸ் வரும்வரை. ரவி பாம்பைக் கொல்கிறான். ரவி மாம்பழம் தின்கிறான். ரவி கடிதம் எழுதுகிறான். அந்த கைடு எழுதியவருக்கு உலகத்தில் வேறு ஆளே தெரியாது போலிருக்கிறது. என் அண்ணன் பேரும் ரவி என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

புருஷன் பேரைச் சொல்லாத பெண்கள் அப்போதே குறைந்துகொண்டிருந்தார்கள். நீங்கள் மட்டும் அசையவில்லை. அண்ணன் பக்கத்தில் இருந்தால் பாத்திரத்தில் கரண்டியால் தட்டுவீர்கள். தூரத்தில் இருந்தால் என்னை அனுப்புவீர்கள். ரேஷன் கடைக்காரர் வீட்டுக்காரர் பேர் என்ன என்று கேட்டால், "இவளுக்க அண்ணன்" என்று என்னைக் கை காட்டுவீர்கள்.

அதனால் நோட்டில் ரவி வந்த இடமெல்லாம் 'தே' என்று எழுதிவைத்தீர்கள். 'தே கில்ஸ் எ ஸ்னேக்.' 'தே ஈட்ஸ் எ மேங்கோ.' புருஷனைச் சொல்லும் 'அவிய' என்றால் அவர்கள், அவர்கள் என்றால் இங்கிலீஷில் தே தானே என்பது உங்கள் நியாயம். மாஸ்டர் நோட்டைத் தூக்கிப் பிடித்து, "ஈ தே ஆரா?" என்று, அதாவது யார் இந்த 'தே' என்று, மலையாளத்தில் கேட்டாராம். வகுப்பே சிரித்ததாம். மரச்சீனிக் கிழங்கைத் தோலுரித்தபடி இதை என்னிடம் சொல்லும்போது அவர்களைவிட நீங்கள்தான் அதிகம் சிரித்தீர்கள்.

அப்போதுதான் பாசிவ் வாய்ஸை விளக்கினேன். பாம்பு முன்னால் வரும், கொன்றவர் கடைசிக்குப் போவார் என்றேன். "அவியளக் கடைசியில கொண்டு நிறுத்துதது மரியாதக்கேடு இல்லியா மக்கா?" என்று கவலைப்பட்டீர்கள். யார் கொன்றார் என்பது முக்கியமில்லாத இடத்தில் அவரை விட்டே விடலாம் என்றதும் உங்கள் கையில் கத்தி நின்றது.

"அப்போ பேரே வேண்டாமாக்கும்?"

அன்றிலிருந்து உங்களுக்குப் பாசிவ் வாய்ஸ் பித்து. வீட்டிலும் விடவில்லை. கட்டன்சாயா போடப்பட்டது, மாடு அவிழ்க்கப்பட்டது, துணி துவைக்கப்பட்டது. அப்படியானால் இந்த வீட்டில் வேலை செய்வதுதான் யார் என்று அம்மா என்னிடம் ரகசியமாகக் கேட்டார்.

ஆனால் மாதிரிப் பரீட்சையில் அதே பித்துதான் கழுத்தை அறுத்தது. கேள்வியில் செய்தவர் பேர் இருந்தால் பதிலிலும் இருக்க வேண்டும் என்று மாஸ்டர் பாதி மார்க்கை வெட்டிவிட்டார். நிஜப் பரீட்சைக்கு இரண்டே வாரம். அது புத்தகத்து ரவி மைனி, நம்ம அண்ணன் இல்லை என்று கெஞ்சினேன். "ரவிண்ணு எழுதினா எனக்கு அவிய மொகந்தானே வருது" என்றீர்கள். அதிலும் 'ரவி'யை மட்டும் சத்தம் வராமல் வாய்க்குள்ளேயே விழுங்கினீர்கள். எனக்குக் கோபம் வந்து, அப்படியானால் அங்கன்வாடியை மறந்துவிடுங்கள் என்று கத்தினேன். நீங்கள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனீர்கள். அதற்கு நான் மன்னிப்புக் கேட்டதே இல்லை. இப்போது கேட்கிறேன், மைனி.

பரீட்சையன்று பள்ளி வாசலில் காத்து நின்றேன். வெளியே வந்ததும் கேள்வியில் அண்ணன் வந்தாரா என்று கேட்டேன்.

"வந்தாவ. எழுதிட்டேன். இடதுகையால மறச்சு வச்சிட்டு எழுதினேன்."

சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு விறுவிறுவென்று நடந்தீர்கள். கல்யாணப் பெண் மாதிரி முகம் சிவந்திருந்தது.

ரிசல்ட் பேப்பரில் வந்த நாள் நினைவிருக்கிறதா? அமரவிளை சாயாக்கடை வாசலில் நின்று நம்பர் நம்பராக விரல் வைத்துத் தேடினோம். உங்கள் நம்பர் இருந்தது! ரோட்டுக்கு அந்தப்புறம் இரண்டாம் மாடிச் சாரத்தில் அண்ணன் சுவர் பூசிக்கொண்டிருந்தார். செக்போஸ்ட் லாரிகளின் ஹாரன் காதைப் பிளந்தது. தட்டுவதற்குப் பாத்திரம் இல்லை. வழக்கம்போல என்னைப் பார்த்தீர்கள். இதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொல்கிறேன். நான் வேண்டுமென்றே வாயை மூடிக்கொண்டேன்.

"ரவீ! நான் ஜெயிச்சேன்!"

சாயா ஆற்றிக்கொண்டிருந்தவர் கை அந்தரத்தில் நின்றது. மேலிருந்து சாந்துச்சட்டி விழுந்தது, நல்லவேளை கீழே யாரும் இல்லை. நீங்கள் பேப்பரால் முகத்தை மூடிக்கொண்டு ஓட்டம் பிடித்தீர்கள். வீட்டுக்கு நாம் போய்ச் சேரும் முன்பே செய்தி அம்மாவிடம் போய்விட்டது. "ஜெயிச்சிட்டால்லா, போட்டு" என்று, பேர் சொன்னதைப் போகட்டும் என்று விட்டுவிட்டு, அம்மா உங்களுக்குப் பாயசம் வைத்தார்.

பிறகு எத்தனை வருஷம் டீச்சராக இருந்தீர்கள். இன்று உங்களிடம் படித்த பிள்ளைகளின் பிள்ளைகள் அங்கே வருகிறார்கள். வாசலில் நீங்கள் நட்ட செம்பருத்தி ஆள் உயரத்துக்குப் பூத்திருக்கிறது. ஆனால் அந்தப் பேரை நீங்கள் மறுபடி சொல்லவே இல்லை.

நேற்று நோட்டை அண்ணனுக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு சொன்னார்: "அமரவிளையில எப்போ சாரம் ஏறினாலும் ஒருக்கா காது குடுப்பேன். பின்ன விளிக்கவே இல்ல, கள்ளி."

அறுபது தாண்டியும் அவர் சாரம் ஏறுவதை நிறுத்தவில்லை. வரும் திங்கட்கிழமை அதே ரோட்டோரத்தில் ஒரு வீட்டு வேலை தொடங்குகிறார். நான் போய் கீழே நின்று, இதுவரை அண்ணா என்று மட்டுமே அழைத்த வாயால், அந்தப் பேரை ஒரே ஒரு தடவை ஓங்கிக் கூப்பிடுவேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு. கூப்பிட்டது யார் என்று அவர் எட்டிப் பார்த்துக் கேட்டால், 'கூப்பிடப்பட்டது' என்று மட்டும் சொல்வேன்.

அன்று வாயை மூடிக்கொண்டு நின்ற உங்கள் நாத்தனார்,
சுதா