கல்லாவுக்கு மேல் ஒரு ஆணி

மார்ச் 4, திங்கள்

மதியம் பதினோரு கிண்ணம் போயிற்று. அண்டாவில் நூறு கிண்ணத்துக்குச் சூப்பு இருந்தது. மாட்டெலும்பை ஒரு பகலும் இரவும் கொதிக்கவிட்டால்தான் சூப்பு தானாக வெளுக்கும். எதிர்க்கடையில் நாலு மணி நேரத்தில் வெளுத்துவிடுகிறது. பால் பவுடர். இந்தத் தேகு நகரத்துக்கே தெரியும்.

கல்லாவுக்கு மேலே, கடை திறந்தபோது சபையார் தந்த, வேத வசனம் எழுதிய கண்ணாடிச் சட்டம். சின்னதாகத் தொடங்கினாலும் கடைசியில் பெருகுவாயாம். தெருவில் கடைக்குக் கடை இதே வசனம்தான். ஆறு வருடமாகத் துடைக்கிறேன். பெருகியது எண்ணெய்ப் பிசுக்கு மட்டும்.

மார்ச் 17, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் ஜெபக்குழுத் தலைவி பே அக்கா ஓரமாகக் கூப்பிட்டாள். "உழைச்சும் காசு ஒட்டலன்னா உள்ள ஏதோ அறிக்கை பண்ணாத பாவம் இருக்கு, மிசுக். நல்லா யோசிச்சுப் பாரு."

எலும்பு கழுவும்போதெல்லாம் யோசித்தேன். பிரசங்கத்தில் தூங்கியதைத் தவிர வேறொன்றும் தட்டுப்படவில்லை.

மார்ச் 18

அழுகையாக வருகிறது.

ஏப்ரல் 9, செவ்வாய்

ஒரு வாரமாகக் கூட்டம். இன்று ஐம்பத்திரண்டு கிண்ணம். "இப்பத்தான் சூப்பு கெட்டியா இருக்கு சித்தி" என்றார் ஒரு டாக்சிக்காரர். சாப்பாட்டுக்கடைப் பெண்கள் எல்லாரும் இங்கே சித்திதான். விடியற்கால ஜெபத்தில் முழங்கால் வலிக்க நன்றி சொன்னேன்.

ஏப்ரல் 10

போதகருக்குத் தொண்டை கட்டிக்கொண்டதால் ஜெபம் சீக்கிரம் முடிந்தது. கடைக்கு வந்தால் அண்டாவுக்கு முன்னால் என் வீட்டுக்காரர், கையில் பவுடர் பொட்டலம். நான் ஜெபத்துக்குப் போகும் நேரம் பார்த்துத் தினமும் கலந்திருக்கிறார்.

"நீ மண்டி போட்டு என்ன கெடச்சுது? நான் ரெண்டு கரண்டி போட்டேன், ஆள் வந்துச்சு. ஆறு மாசம் கண்ண மூடிக்கோ ஹெரினம்மா, தலை தூக்கிடலாம்."

அண்டாவின் அடியில் இருந்த குழாயைத் திறந்துவிட்டேன். சாக்கடை வெள்ளையாக ஓடியது. ஒரு வாரமாக நன்றி சொன்னேனே — எதற்கு? பவுடருக்கா?

ஜூன் 12, புதன்

நேற்று ஆறு கிண்ணம். இவர் என்னோடு பேசி இரண்டு மாதம்.

ஆளில்லாத கடையில் வேதத்தை எடுத்து அந்த வசனம் வரும் புத்தகத்தை முதல் தடவையாக முழுக்கப் படித்தேன். அது கடவுள் சொன்னதே இல்லை. பிள்ளைகளையும் சொத்தையும் பறிகொடுத்துச் சாம்பலில் உட்கார்ந்தவனிடம், நீ யோக்கியனாக இருந்தால் இப்படி ஆகுமா என்று குத்திக்காட்ட வந்த சிநேகிதன் சொன்னது. கடைசியில் அந்தச் சிநேகிதனைக் கடவுளே கோபித்துக்கொள்கிறார். இத்தனை கடையில் மாட்டியிருக்கிறோமே, ஒருத்தராவது மேலே நாலு வரி படித்தோமா?

சிரிப்பு வந்தது. சீக்கிரமே அது சிரிப்பாக இல்லை.

ஜூன் 28

கடையை விட்டாயிற்று. எதிர்க்கடைக்காரர் எடுத்துக்கொண்டார். சட்டத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தேன்.

ஆகஸ்ட் 1, வியாழன்

மகள் ஹெரினுக்குக் கல்லூரிப் பணம் கட்ட வேண்டும். என் பழைய அடுப்படியிலேயே இன்று கூலிக்குச் சேர்ந்தேன்.

புது முதலாளியின் கடைத் திறப்புக்குச் சபையார் வந்தார்கள். பே அக்கா கையில் புதுச் சட்டம், அதே வசனம். "இந்த ஆணி தாங்குமா மிசுக்?"

"தாங்கும் அக்கா. நான் அடிச்சதுதான்."

அவர்கள் போனதும் முதலாளி அண்டாவைக் காட்டினார். "சித்தி, பவுடரக் கலந்துடுங்க. ரெண்டு கரண்டி."

கலந்தேன். கட்டி தட்டாமல் நன்றாகவே கலந்தேன். எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்து எனக்குப் பழக்கமில்லை.